பின் போர்ஷனில் யார் இருக்கிறார்கள்? குடியிருப்போர் நலச் சங்கம்: ஓர் எளிய அறிமுகம்

2015 டிசம்பர் 1 இரவு. தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டிய நாள். அடையாறு கரை மீறியது. தென்சென்னையில் ஓர் ஏரியின் வடிகால் வழியில் இருக்கிறது எங்கள் தெரு. பத்து மணிக்கு முழங்கால் அளவு நின்ற தண்ணீர் நள்ளிரவில் இடுப்புக்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. மாடி வீட்டுக்காரர்கள் தரைத்தளத்தில் இருந்தவர்களை மேலே ஏற்றிக்கொண்டார்கள். சங்கத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் வீடு வீடாகச் சரிபார்த்தோம். ஒரு வீட்டின் உரிமையாளர் பெங்களூரில் இருக்கிறார், முன்வாசலில் பூட்டு தொங்குகிறது. அந்த வீட்டில் யாரும் இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

விடிந்ததும் பால் போடும் தம்பி வந்து, பின் போர்ஷனில் ஒரு தாத்தாவும் பாட்டியும் குடியிருப்பது தெரியாதா என்று கேட்டான். ஓடினோம். கட்டிலின் மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு இருவரும் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பாட்டியின் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் குடும்ப அட்டையும் மாத்திரை டப்பாவும். இரண்டு வருடமாக எங்கள் தெருவில் இருந்தவர்கள் அவர்கள். எங்கள் பட்டியலில் வீட்டு எண் இருந்தது, உரிமையாளர் பெயர் இருந்தது, சந்தா ரசீது எண்கூட இருந்தது. அங்கே யார் வாழ்கிறார்கள் என்பது மட்டும் இல்லை.

குடியிருப்போர் நலச் சங்கம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் இந்த இரவிலிருந்துதான் தொடங்குகிறேன். ஒரு தெருவிலோ நகரிலோ வசிப்பவர்கள், தங்கள் பகுதியின் பொதுக் காரியங்களைக் கூடிப் பார்த்துக்கொள்ள அமைத்துக்கொள்ளும் அமைப்பு அது. தெருவிளக்கு, குப்பை, வடிகால், பூங்கா, கொசு மருந்து போன்றவை அதன் அன்றாட வேலைகள். வெள்ளம், புயல், தீ போன்ற ஆபத்துக் காலத்தில் ஒருவரையொருவர் காப்பது அதன் இன்னொரு வேலை. பலர் இவற்றை இரண்டு தனித்தனிப் பொறுப்புகளாக நினைக்கிறார்கள். முதலாவதை ஒழுங்காகச் செய்துவரும் சங்கத்தால்தான் இரண்டாவதைச் செய்ய முடியும். எந்த வடிகால் வாயில் மண் அடைக்கும், எந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் நோயாளி உண்டு, மின்வாரியப் பெட்டி எந்த மூலையில் தாழ்வாக இருக்கிறது என்பதெல்லாம் வெள்ளம் வந்த பிறகு கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் உரிமையாளர் சங்கம் வேறு, தெருச் சங்கம் வேறு. முன்னது ஒரே கட்டடத்தின் லிஃப்ட், மோட்டார், பராமரிப்புச் செலவு முதலியவற்றைப் பார்ப்பது. அதற்கென்று தனிச் சட்டம் உண்டு. தெருச் சங்கத்தின் எல்லைக்குள் தனி வீடு, மாடி போர்ஷன், அடுக்குமாடி, மூலைக் கடை, இஸ்திரி வண்டி எல்லாம் வரும்.

தெருச் சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவு செய்துகொள்ளலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். பைலா எனப்படும் விதிகளை எழுதி, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பதிவு இருந்தால் வங்கிக் கணக்குத் தொடங்கலாம், சங்கத்தின் பெயரில் மனு கொடுக்கலாம். ஆண்டுக்கொரு பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, காலாகாலத்தில் தேர்தல் ஆகிய மூன்றையும் விட்டுவிடக் கூடாது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய எத்தனையோ சங்கங்கள் கணக்குக் காட்டாததால் இரண்டாகப் பிளந்ததை நான் பார்த்திருக்கிறேன். இருபது ரூபாய் செலவானாலும் ரசீது வாங்கி ஒட்டி வையுங்கள். பணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பைலா எழுதும்போதே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். உறுப்பினர் யார்? வீட்டு உரிமையாளர்கள் மட்டும் என்று எழுதுவது பழைய வழக்கம். அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். சென்னைத் தெரு எதை எடுத்துக்கொண்டாலும் வாடகைக்கு இருப்பவர்கள் நிறையப் பேர். தண்ணீர் வந்தால் முதலில் நனைவது பெரும்பாலும் தரைத்தளத்திலும் பின் போர்ஷனிலும் இருக்கும் அவர்கள்தான். குடியிருப்பவர் எல்லோரும் உறுப்பினர் என்று எழுதுங்கள். சந்தா கட்ட முடியாதவர்களிடம் கேட்காதீர்கள்.

அடுத்து, எந்த வேலை எந்தத் துறையுடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். தெருவில் தண்ணீர் நின்றால் எல்லோரும் மாநகராட்சியைத் திட்டுகிறார்கள். சென்னையில் மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, குப்பை ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்பெட்டியும் கம்பியும் மின்வாரியத்தின் கையில் இருக்கின்றன. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடமும், ஏரியும் ஆறும் நீர்வளத் துறையிடமும் இருக்கின்றன. ஒரே தெருமுனையில் நான்கு துறைகள் சந்திக்கும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக் கணக்கில் தூங்கும்.

மாநகராட்சிப் புகாருக்கு 1913, மின்தடைக்கு மின்னகத்தின் 94987 94987 என்று எண்கள் இருக்கின்றன. போனில் புகார் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதோடு வார்டு உதவிப் பொறியாளரிடம் ஒரு பக்க மனுவை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். "எங்கள் தெருவில் வடிகால் சரியில்லை" என்று எழுதினால் வேலை நடக்காது. "22ஆம் எண் வீட்டு வாசலில் உள்ள வடிகால் வாய் முக்கால் பங்கு மண்ணால் அடைந்திருக்கிறது, படம் இணைத்துள்ளோம்" என்று எழுதினால் ஆள் அனுப்ப அவருக்கும் எளிது. சாலை போட எவ்வளவு மதிப்பீடு, யார் ஒப்பந்தக்காரர் என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் பகுதி சபையும் கூட வேண்டும் என்பது விதி. 2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழக நகரங்களில் இந்தக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபையின் நகர வடிவம் என்று இதைச் சொல்லலாம். சங்கத்தினர் ஐந்து பேர் போய் ஒரே கோரிக்கையைப் பேசித் தீர்மானத்தில் ஏற்றிவிட்டு வருவது, ஐம்பது வாட்ஸ்அப் செய்திகளைவிடப் பயன் தரும். பூங்கா, சமுதாயக் கூடம் போன்ற பணிகளுக்கு நமக்கு நாமே திட்டமும் உண்டு. மக்கள் மூன்றில் ஒரு பங்கு பணம் திரட்டினால் மீதியை அரசு போடும்.

மேம்பாட்டு வேலைகளில் நான் அதிகம் அக்கறை காட்டச் சொல்வது சாலை மட்டத்தில்தான். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகத் தார் போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது. அப்படியே சில முறை போட்டுவிட்டால், படியேறிப் போன வீடு படியிறங்கிப் போகும் வீடாகிவிடும். எங்கள் தெருவின் பழைய வீடு ஒன்றில் வாசலுக்கு மூன்று படிகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது, மற்ற இரண்டும் தாருக்கு அடியில் கிடக்கின்றன. சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அறிவுறுத்தலைத் தெருவில் நடைமுறைப்படுத்துவது அங்கே நிற்கும் மனிதர்கள்தான். வேலை தொடங்கும் முன் நான்கு காம்பவுண்டுச் சுவர்களில் சாலை மட்டத்தைப் பெயின்டால் கோடிட்டு வையுங்கள். இரவில் தார் வண்டி வரும்போது சங்கத்தில் இரண்டு பேராவது விழித்திருங்கள். வேலை முடிந்த பிறகு கோட்டுக்கு மேலே தார் வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு கவலை என்று ஒரு சின்னக் கணக்குக் காட்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை விழுந்தால் 22,000 லிட்டருக்கு மேல். நாற்பது கிரவுண்டு கொண்ட ஒரு தெருவுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் எழுபத்து நான்கு லாரித் தண்ணீர். இது அத்தனையும் அகலம் குறைந்த ஒரு வடிகால் வாய்க்குள் இறங்க வேண்டும். அந்த வாயில் ஒரு தேங்காய் மட்டையும் இரண்டு பாலித்தீன் பைகளும் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு ஒவ்வொரு வீட்டிலும் இயங்கினால், இந்தத் தண்ணீரில் கணிசமான பங்கு தெருவுக்கே வராது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, கீழே உள்ள குழியைத்தான் ஆண்டுக்கணக்கில் யாரும் தூர்வாரவில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். ஆகவே சங்கத்தின் மழைக்கால வேலை ஆகஸ்டில் தொடங்க வேண்டும். முதலில் தெருவை நடந்தே பாருங்கள். வடிகால் வாய்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அருகே சுவரில் எண் எழுதுங்கள். எது அடைந்திருக்கிறது என்று குறித்து மனு கொடுங்கள். வீடு கட்டும் இடத்தில் சாலையில் கொட்டிய எம் சாண்டும் ஜல்லியும் முதல் மழையிலேயே வடிகாலுக்குள் போய்விடும். கட்டுகிறவரிடம் முன்பே பேசித் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கும் வீடுகளிலும் பேச வேண்டும். கசப்பான பேச்சுத்தான், ஆனால் பேசாமல் விட்டால் மழை நாளில் அந்தக் கழிவு எல்லோர் வாசலிலும் மிதக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் தேங்கினால் உடனே பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. திறக்காதீர்கள். சாக்கடைக் குழாய் மழைநீரைத் தாங்கும்படி அமைக்கப்பட்டதல்ல. அது நிரம்பித் தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியாகத் திரும்பி வரும். அதைவிடக் கொடியது, கலங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. அடைப்பு எடுக்க ஒருவரைக் கூப்பிட்டுக் குழிக்குள் இறக்குவது இதையெல்லாம்விடக் கொடியது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே விஷவாயு இருக்கிறது, நொடியில் உயிர் போய்விடும். அவசரம் என்ற பெயரில் எந்தச் சங்கமும் இதைச் செய்யவே கூடாது. குடிநீர் வாரியத்தின் இயந்திர வண்டி வரும்வரை காத்திருங்கள்.

இனி, நான் முதலில் சொன்ன பட்டியலுக்கு வருகிறேன். 2015க்குப் பிறகு எங்கள் சங்கம் வாங்கிய முதல் பொருள் மோட்டாரோ படகோ அல்ல, ஓர் இருநூறு பக்க நீள நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். முன் போர்ஷன், பின் போர்ஷன், மாடி, மொட்டை மாடி அறை என்று தனித்தனி வரிகள். எத்தனை பேர், அவர்களில் அறுபது கடந்தவர் யார், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா. நடக்க முடியாதவர் இருந்தால் அவரை எந்த அறையிலிருந்து எந்த வாசல் வழியாகத் தூக்கி வரலாம் என்பதையும் எழுதினோம். ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம். தண்ணீர் ஏறினால் மின்வாரியமே பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடும், அந்த நிமிடமே அவர் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் பெயருக்கு நேரே, ஃபிரிட்ஜ் நின்றால் ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் மருந்தை வைக்கலாம் என்ற குறிப்பு. வேறு ஊரில் இருக்கும் மகன், மகளின் எண்ணும் இருக்கும். அந்த நோட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், மாடி வீடு ஒன்றில் இருக்கிறது. செல்போனில் ஒரு நகல் உண்டு. ஆனால் 2015இல் செல்போன்கள் என்ன ஆயின என்று பார்த்துவிட்டோம், எங்களுக்குக் காகிதம்தான் மூலப் பிரதி. ஒன்றைக் கவனியுங்கள். நோய் விவரமும் தனியாக வாழும் பெண்களின் விவரமும் கண்டவர் கைக்குப் போகக் கூடாது. இரண்டே பேருக்குத்தான் அந்த நோட்டைத் திறக்கும் உரிமை என்று தீர்மானம் போட்டோம்.

ஆளைத் தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். 'சோனாய்காய்' என்ற பெயரில் அங்கே தெருச் சங்கங்கள் உண்டு. குப்பை போடும் இடத்தைப் பராமரிப்பது, திருவிழா நடத்துவது, பேரிடர் ஒத்திகை செய்வது எல்லாம் ஒரே சங்கம்தான். 1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது, இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானோரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். யார் எந்த அறையில் தூங்குவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால், எங்கே தோண்டுவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தீயணைப்புத் துறையும் மீட்புப் படையும் எவ்வளவு வேகமாக வந்தாலும், முதல் சில மணி நேரம் தெருவில் இருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

மழை எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.5 மி.மீ. முதல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் ஏற ஏற ஆயத்தமும் ஏற வேண்டும். எங்கள் தெருவில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே வடிகால் வாய்களில் குப்பை எடுக்க ஆள் பிரித்துவிடுவோம். எந்தத் தரைத்தள வீடு எந்த மாடி வீட்டுக்குப் போகும் என்பது முன்பே பேசி வைத்த ஜோடி. சிவப்பு என்றால் பெரியவர்களை இருட்டும் முன்பே மாற்றிவிடுவோம். "இவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லையா" என்று மறுக்கும் தாத்தாக்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்களுக்குப் பேரப்பிள்ளையை விட்டுப் போன் போடச் சொன்னால் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் முன்பே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இந்த எண்களை எல்லோர் வீட்டுக் கதவின் உள்பக்கமும் ஒட்டி வைத்திருக்கிறோம்.

புயல் வேறு மாதிரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது தண்ணீரைவிட மரங்கள்தான் சென்னையை முடக்கின. சாய்ந்த மரம் மின்கம்பியின் மேல் கிடந்தால், மின்சாரம் இல்லை என்று மின்வாரியத்தார் உறுதி சொல்லும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு ஓடும் இளைஞர்களைத் தடுத்து நிறுத்துவதும் சங்கத்தின் வேலைதான்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. மறுபடியும் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. நோட்டை வைத்து இரவு எட்டு மணிக்குள் எல்லோரையும் மாடிக்கு ஏற்றிவிட்டோம். ஆனால் ஒரு வேலையை மறந்துவிட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்வது என்று முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. சம்ப் தொட்டிக்குள் சாக்கடைத் தண்ணீர் கலந்திருந்தது. பலர் கவனிக்காமல் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டிக்கும் ஏற்றிவிட்டார்கள். ஒரு வாரம் தெருவில் வயிற்றுப்போக்கு. இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரிசை இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை எந்த சுவிட்சையும் போடக் கூடாது. சம்ப்பை முழுக்க இறைத்துக் கழுவி, வார்டு சுகாதார ஆய்வாளர் சொல்லும் அளவில் பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் தண்ணீர் ஏற்ற வேண்டும். குடிக்கும் தண்ணீர் கொதிக்க வைத்தது. சேற்றைக் கழுவும்போது காலில் பூட்ஸ், காலில் புண் இருப்பவர் அந்த வேலைக்கே வரக் கூடாது. வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்தேன் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிவாரணம் கேட்கப் படம் எடுத்துவிட்டுத்தான் பொருள்களை வெளியே எறிய வேண்டும்.

புதிதாகச் சங்கம் தொடங்க நினைப்பவர்கள் பதிவு, பைலா, வங்கிக் கணக்கு என்று எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் நோட்டும் பேனாவுமாகக் கிளம்புங்கள். ஒருவர் பெண்ணாக இருந்தால் கதவுகள் எளிதாகத் திறக்கும். பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து பின்னால் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். இஸ்திரிக்காரரையும் பால் போடுகிறவரையும் கூடவே அழைத்துக்கொள்ளுங்கள், தெருவை அவர்களைப் போல அறிந்தவர் வேறு யாருமில்லை.

எங்கள் நோட்டை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் ஞாயிறு அன்று புதுப்பிக்கிறோம். அந்தத் தாத்தாவும் பாட்டியும் மகளோடு திருச்சிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த பின் போர்ஷனில் இப்போது மெட்ரோ ரயில் வேலைக்கு வந்த ஒடிசாத் தொழிலாளர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஊரிலுள்ள உறவினர்களின் எண்களை அவர்களே தங்கள் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். நால்வரில் இருவருக்கு நீச்சல் தெரியும் என்று ஓரத்தில் குறித்திருக்கிறோம்.